பதினொன்றரை மணிப் பதநீர்

ஏலே பேராண்டி, அந்தத் தாள இங்கன கொண்டா பாப்போம். என் கண்ணாடி எங்க? சட்டைப் பையிலதான் கெடக்கா, சரி. என்னல இது, கட்டம் கட்டமா வரைஞ்சு கட்டத்துக்கு ஒரு கலரு அடிச்சு வச்சிருக்க? நெலம் அளக்க வந்த சர்வேயரு கூட இம்புட்டுக் கோடு போட மாட்டாரு. “முத்துக்குளித்துறைப் பயணம்: பாரம்பரியமும் உணவும்.” பேரு ஷோக்காத்தான் இருக்கு. ரெண்டு நாளு, பதினேழு எடம். ஒத்தச் சூரனுக்கே நம்ம முருகன் ஆறு நாளு திருவிழா கொண்டாடுதாரு. நீ ரெண்டே நாள்ல தூத்துக்குடியில தொடங்கி கன்னியாகுமரி வரைக்கும் சம்ஹாரம் பண்ணிப்புடுவ. கெட்டிக்காரப் பயதான்.

உடன்குடிக் கருப்பட்டிய ஓலைக் கொட்டான்ல கட்டி, சைக்கிள்ல வச்சி, முப்பது வருசம் இந்தக் கரை நெடுக வித்தவன்ல நான். எந்த ஊர்ல எந்த நேரத்துக்கு அடுப்பு எரியும், எந்த வீட்டு நாய் கடிக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். உனக்குப் போன்ல ஒரு பொம்பள வழி சொல்லுதா. எனக்கு அதுவும் கெடையாது. மூக்குதான் வழி சொல்லிச்சு.

முதல்ல இதைச் சொல்லு. “காலை 11.30, பதநீர் அருந்துதல்.” யாருல இந்த நேரத்த உனக்குக் குறிச்சுக் குடுத்தது? பதினொன்றரைக்கு வந்தா பதநீர் குடிக்க முடியாது மக்கா, கருப்பட்டிதான் கடிக்க முடியும். விடியக் கருக்கல்ல பனையேறி ஏறி எறக்குனதும் அங்கனயே குடிச்சிப்புடணும். வெயிலு ஏறுச்சுன்னா அது விடிலிக்குள்ள போயிரும். அங்க அடுப்புல கொதிச்சுப் பாகாகி, செரட்டையில ஊத்தி, கருப்பட்டியா உக்காந்திரும். பானைக்குள்ள சுண்ணாம்பு தடவுனாத்தான் பதநீர், தடவலன்னா கள்ளு. அந்தச் சுண்ணாம்பு இருந்தா நீ வாடிக்கைக்காரன், இல்லன்னா போலீசுக்குச் சாட்சிக்காரன். டம்ளருல கேக்காத, சிரிப்பாவ. பனை ஓலைப் பட்டையில ஊத்தித் தருவாவ, அதுல நாலு நுங்கைத் தோண்டிப் போட்டுக் குடி. பட்டை ஓட்டை வழியா சட்டையில ஒழுகும். ஒழுகட்டும். அந்த வெள்ளைச் சட்டைய யாரு போடச் சொன்னது?

ஆக, அஞ்சரைக்கு நீ நம்ம ஊர்ல இருக்கணும். அப்படின்னா முந்துன ராத்திரி இங்கன படுக்கணும். கட்டத்துல “ரிசார்ட்” னு போட்டிருக்க பாரு, அதுல ஒரு கோடு போட்டு அடி. தார்சாவுல கயித்துக் கட்டில் கெடக்கு. வாடகை கெடையாது, கொசு உண்டு.

அடுத்தது. “மதியம் 1.00, தேரிக்காடு, புகைப்படம்.” சவத்த விடு, இதுக்கு நான் சிரிக்கவா அழவா? மே மாசம், மதியம் ஒரு மணி, தேரி மணலு. நீ செருப்பு போட்டிருப்ப, செருப்புக்கு யாரு செருப்பு போடுவா? அந்தச் செம்மண்ணு மேடு காத்துக்கு எடம் மாறிக் கெடக்கும். நேத்துப் பாத்த வழி இன்னைக்கு இருக்காது. சாயங்காலம் போ. வெயிலு சாயும்போது அந்த மண்ணு இன்னும் செவந்து நிக்கும், அப்ப எடுத்துக்க படத்த. உள்ள அருஞ்சுனை காத்த அய்யனாரு கோயிலு இருக்கு. சுத்தி வெறும் மணலு, நடுவுல சுனை. அங்க ஒரு வாய் தண்ணி குடிச்சாத்தான் இந்த ஊருக்காரன் ஏன் தண்ணிய எடுத்தெறிஞ்சு பேச மாட்டான்னு உனக்கு வெளங்கும்.

இது என்னது? “கொற்கை கடற்கரை, 20 நிமிடம், கால் நனைத்தல்.” ஏ ராசா! கொற்கையில கால நனைக்கணும்னா பாண்டியன் காலத்துலயே வந்திருக்கணும். நீ லேட்டு. தாமிரபரணி வண்டலக் கொண்டாந்து கொட்டிக் கொட்டி, கடலு ஆறேழு கிலோமீட்டரு தள்ளிப் போயிட்டு. இப்ப அங்க வயலும் வாழையும்தான் நிக்கும். ஒரு பழைய வன்னிமரம் இருக்கு, வெற்றிவேல் அம்மன் கோயிலு இருக்கு, கண்ணகின்னு சொல்லுதாவ. கடலு போனதும் துறைமுகமும் பின்னாலயே போச்சு. பழைய காயலுக்குப் போச்சு. அங்கதான் மார்க்கோ போலோன்னு ஒரு வெள்ளைக்காரன் 13ஆம் நூத்தாண்டு முடியப் போற சமயத்துல வந்து, முத்தப் பாத்து, குதிரை வந்து எறங்குறதப் பாத்து எழுதி வச்சிட்டுப் போனான். அங்கயும் கடலு நிக்கல, தள்ளிட்டு. அப்படியே புன்னைக்காயலு, தூத்துக்குடின்னு போச்சு. வாடகை வீட்டுக்காரன் சட்டி பானையத் தூக்கிக்கிட்டு அலையுற மாதிரி இந்தக் கரையில துறைமுகம் அலைஞ்சிருக்கு. நீ கொற்கைக்குப் போ, வேண்டாங்கல. ஆனா துண்டு கொண்டு போகாத.

“முத்து ஷாப்பிங்” னு வேற எழுதியிருக்க. உன் பொண்டாட்டி சொன்னாளா? தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. அப்ப உங்க அப்பனே பொறக்கல. சங்கு எடுக்க இன்னைக்கும் கடல்ல முங்குதாவ. முத்துக்கு யாரும் முங்கறதில்ல. கடையில “முத்துநகர் முத்து” ன்னு குடுத்தா வாங்கிக்க, ஊரு பேருக்கு ஒரு மரியாதை. ஆனா அது இந்தத் தண்ணியப் பாத்திருக்கும்னு அந்தப் புள்ளைகிட்ட சத்தியம் பண்ணிராத. குடும்பம் ஓடணும்.

இப்ப மீனுக்கு வருவோம். மூணு எடத்துல “சீலா மீன் குழம்பு” போட்டிருக்க. எந்த மாசம் வார? மே. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாளு, இந்தக் கரையில விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீனு குஞ்சு பொரிக்கிற காலம்னு அரசாங்கம் அதுக்கு லீவு விட்டிருக்கு. மீனுக்கு லீவு விட்ட மாசத்துல, மீன் தின்ன லீவு போட்டு வார ஒரே ஆளு நீதான். கேட்டா ஓட்டல்காரன் இல்லன்னு சொல்ல மாட்டான். ஐஸ் பெட்டியில எங்கிருந்தோ லாரியில வந்ததக் கொழம்பு வச்சிக் குடுப்பான். நீயும் “ஆகா, கடற்கரை ருசி” ன்னு போன்ல எழுதுவ. அந்த மீனு உன்னைவிட அதிக தூரம் பயணம் பண்ணியிருக்கும்.

அதுக்காகப் பட்டினி கெடக்க வேண்டாம். வள்ளத்துக்குத் தடை கெடையாது. காலையில கரைக்குப் போயி நில்லு. சாளையோ நெத்திலியோ முரலோ, அன்னைக்கு என்ன வந்துதோ அதுதான் விருந்து. பேரு தெரியாத மீனு வந்தா இன்னும் நல்லது, விலை ஏத்தத் தெரியாது. அதுவும் அமையலன்னா கருவாடு கேளு. மாசிக் கருவாட்டத் தட்டி, தேங்காயும் வத்தலும் வச்சி அரைச்சி ஒரு சம்பல் போட்டாவன்னா, பழைய சோத்துப் பானை காலியாயிரும். பாரம்பரியம் பாரம்பரியம்னு நாலு கட்டத்துல எழுதி வச்சிருக்கியே, பழைய சோத்துக்கு ஒரு கட்டம் போட்டியா? ஒங்க ஆச்சி ராத்திரியே தண்ணி ஊத்தி வச்சிருவா.

அவ உள்ளதான இருக்கா? கோழிக்கூட்டுப் பக்கம் போயிட்டாளா? சரி, கிட்ட வா. சத்தம் போடாத.

தூத்துக்குடி. முதல் நாளு சாயங்காலம் அங்கதான் தொடங்கணும். ஏன்னா பகல்ல அந்த ஊரு உப்பளத்துல காயும், ராத்திரிதான் முழிக்கும். பரோட்டாக் கடைக்கு அங்க ஒரு காலத்துல என்ன பேரு தெரியுமா? நைட் கிளப். நெசமாத்தான்ல. பொழுது சாஞ்சதும் தோசைக்கல்லு முன்னால நின்னு கொத்துவான், அதுதான் அங்க டான்ஸ். எண்ணெயில பொரிச்ச பரோட்டாவ நொறுக்கிப் போட்டு, சால்னாவ மேல ஊத்தி, அது ஊறுறதுக்குள்ள பாதியும் ஊறுன பொறவு மீதியும் திங்கணும். பெங்களூருக்குப் போன் போட்டு, “ராத்திரி தாத்தாவும் நானும் நைட் கிளப்புல இருந்தோம்” னு அந்தப் புள்ளைகிட்ட சொல்லு. அவ முகத்த என்னால பாக்க முடியாதேங்கறதுதான் வருத்தம்.

நான் எங்க வாரேன்னு கேக்காத. பேச்சுக்குச் சொன்னேன்.

அங்கயே பனிமய மாதா கோயிலு. இப்ப நிக்க கட்டடம் 1713ஆம் வருசத்தது. ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு வந்தா கடலே உள்ள வந்திட்ட மாதிரி கூட்டம் இருக்கும், மே மாசம் நிம்மதியாப் பாக்கலாம். போர்ச்சுக்கீசியன் முத்துக்காக வந்தான், மதத்தக் குடுத்தான், போகும்போது ஒரு பலகாரத்தையும் விட்டுட்டுப் போனான். முத்து போயிட்டு, அவனும் போயிட்டான், பலகாரம் மட்டும் நின்னுட்டு. மக்ரூன்! முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, அம்புட்டுத்தான் சரக்கு. வெள்ளைக்கருவ நுரைக்க நுரைக்க அடிச்சி, கோபுரம் மாதிரிச் சுத்திப் பிழிஞ்சி, அடுப்புல சின்னச் சூட்டுல வச்சிருவாவ. வாயில போட்டா சத்தம் ஒண்ணு கேக்கும், பொறவு ஒண்ணும் இருக்காது. காத்துலயே செஞ்ச பலகாரம்ல அது. காத்துல செஞ்சதுல எங்க சுகரு ஏறப் போகுது? டாக்டருக்கு இது தெரியாது. ஒங்க ஆச்சிக்குத் தெரிஞ்சும் ஒத்துக்க மாட்டா. என் வயசு அவளுக்கு ஞாபகம் இருக்காது, என் சுகரு நம்பரு மட்டும் புள்ளியோட ஞாபகம் இருக்கும்.

ரெண்டு கிலோ வாங்கு. ஒரு கிலோ உன் கையில. இன்னொரு கிலோ டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டு இருக்குல்லா, அதுக்கு அடியில. ஏன்னு கேக்காத.

காயல்பட்டினத்துக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்க? “களறிச் சாப்பாடு, ரெஸ்டாரன்ட் தேடவும்.” தேடு, தேடு. களறிங்கது கல்யாணப் பந்தி மக்கா. நெய்ச்சோறு, களறிக்கறி, கத்திரிக்கா போட்ட பருப்பு. பெரிய தட்டுல வச்சி, ரெண்டு மூணு பேரு சேந்து உக்காந்து ஒரே தட்டுல திங்கறது. ருசி பாதி கறியில இருக்கு, மீதி பக்கத்துல உக்காந்திருக்கவன்கிட்ட இருக்கு. அதுக்குக் கூகுள்ல எடம் பிடிக்க முடியாது, அழைப்பு வரணும். உன் கூட ஆபீஸ்ல காயல்காரப் பையன் இருக்கான்னு சொன்னியே, அவன்கிட்ட மாசக்கணக்குல நல்லபடியாப் பழகு. அதுதான் டிக்கெட். அந்த ஊர்ல கல்யாணம் முடிஞ்சா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குக் குடி போவாரு. நாலு வேளையும் மாமியா சமையலு. அந்த ஊருப் பலகாரம் ஏன் அம்புட்டு நல்லாயிருக்குன்னு யோசிச்சா வெளங்கும். மாப்பிள்ளை தப்பிச்சு ஓடாம இருக்கணும்ல. வட்டலப்பம் கெடைச்சா விடாத, கடையிலயே சில நாளு கெடைக்கும்.

அந்த ஊரப் பாத்தா நம்பவே மாட்ட, 2023 டிசம்பர்ல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை அங்க கொட்டிச்சு. ஒரு வருசத்து மழைக்கு மேல. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நடுத் தண்ணியில நின்னுச்சு. அதனால கார்த்திகை மார்கழிக்குத் திட்டம் போட்டேன்னா கட்டத்துக்குள்ள ஒரு தோணிக்கும் எடம் போடு.

திருச்செந்தூரு. “தரிசனம், 30 நிமிடம்.” இதை முருகன்கிட்ட சொல்லிட்டியா? கூட்டத்தப் பொறுத்து அவரு முடிவு பண்ணுவாரு. சும்மா இல்ல, இதுக்கு முன்னால அவரை அவசரப்படுத்துன ஆளு ஒருத்தன் உண்டு. டச்சுக்காரன். கோயிலுக்குள்ள கோட்டை கட்டுன மாதிரி உக்காந்துக்கிட்டு, போகும்போது சாமி சிலையக் கப்பல்ல ஏத்திட்டான். புயலு பிடிச்சிட்டு. பயந்துபோயி கடல்லயே தூக்கிப் போட்டான். பொறவு 1653ல வடமலையப்ப பிள்ளை கனாக் கண்டு, கடல்ல தேடி எடுத்தாருன்னு ஊரே கதை சொல்லும். அதனால வரிசையில வாச்சப் பாத்துக்கிட்டு நிக்காத. நாழிக்கிணத்துல தலையில தண்ணி ஊத்திக்க. எட்டு வச்சா உப்புக்கடலு, இங்க நல்ல தண்ணி ஊறுது. பன்னீர் இலையில வச்ச விபூதிய வாங்கி மடியில முடிஞ்சுக்க. வெளிய வந்ததும் ஒரு கருப்பட்டிக் காப்பி. கோயில் வாசல்ல விக்கது எல்லாம் உடன்குடிக் கருப்பட்டின்னுதான் சொல்லுவாவ. உடன்குடியில இருக்க அத்தனை பனையும் ரெண்டு தடவ காய்ச்சுனாலும் அம்புட்டு வராது. சீனி கலந்தது பாதி. வாங்கணும்னா காய்ச்சுற எடத்துல நின்னு வாங்கு. அதான் நம்ம ஊருன்னு ஒரு ஊரு இருக்குல்லா.

மணப்பாடு நல்லாப் போட்டிருக்க, அதுல குறை சொல்ல மாட்டேன். கடலுக்குள்ள மூக்க நீட்டுன மாதிரி மணல் மேடு, அது மேல 1581ல கட்டுன திருச்சிலுவைக் கோயிலு, கீழ சவேரியாரு தங்குன குகை. 1542ல வந்தவரு அவரு, தமிழு தெரியாம வந்து, செபத்தையெல்லாம் தமிழ்ல மனப்பாடம் பண்ணி ஊரு ஊரா நடந்தாரு. நடந்தாருல்லா, கவனி. அந்தப் பறக்குற பொம்மையக் கொண்டு வராத. மேட்டுல உக்காந்து சும்மா கடலப் பாரு. கட்டத்துல அதுக்கு ஒண்ணும் எழுத வேண்டாம்.

குலசேகரன்பட்டினத்துக்குத் தசராவுக்கு வா, மே மாசம் என்ன வேலை. முத்தாரம்மன் கோயிலு இருக்கும், வேசக்காரங்க இருக்க மாட்டாவ. காளியும் கொறவனும் போலீசும் குரங்கும் ஒண்ணா நின்னு டீ குடிக்கறதப் பாக்கணும்னா புரட்டாசியில பாக்கணும். இப்ப ராக்கெட்டு விட 2024ல அடிக்கல்லு நாட்டியிருக்காவ. இனிமே அந்த ஊர்ல மேல போறதுக்கும் வழி வந்திட்டு.

இடையன்குடி பத்து நிமிசமா? கால்டுவெல் அந்த ஊருக்கு வந்தது 1841. அந்தக் கோயிலக் கட்டி முடிச்சுப் பிரதிஷ்டை பண்ணுனது 1880. நடுவுல 1856ல திராவிட மொழிகளுக்கெல்லாம் ஒப்பிலக்கணம் எழுதிப்புட்டாரு. நீ எறங்கி, ஒரு செல்பி எடுத்து, ஏறிருவ. உன் பத்து நிமிசத்தப் பாத்தா அவரு கல்லறையில திரும்பிப் படுப்பாரு. அதுக்குப் பதிலா முதலூரு வழியா வண்டிய விடு. 1799ல புதுசா வேதத்துக்கு வந்த சனத்துக்குன்னு உருவாக்குன முதல் ஊரு, அதான் பேரே முதலூரு. நான் சொல்லுதது சரித்திரத்துக்காக இல்ல. அங்க மஸ்கோத் அல்வா. தேங்காப்பாலக் காய்ச்சிக் காய்ச்சிக் கிண்டுனது, கைய வச்சா கை வழுக்கும். அதுவும் அந்தச் சீட்டுக்கு அடியிலயே.

ஆதிச்சநல்லூரு இருபது நிமிசம்னு போட்டிருக்க, அத மட்டும் ஒரு மணி நேரமா மாத்து. 1899லேருந்து அலெக்சாண்டர் ரீயின்னு ஒருத்தரு தோண்டுனாரு. தாழி தாழியா வந்துது. செத்தவனத் தாழியில வச்சி, கூடச் சின்னச் சட்டியும் பானையும் வச்சிருக்காவ. நெல்லு உமி, தினை உமியெல்லாம் கெடைச்சிருக்கு. பாத்தியா, திரும்பி வராத பயணம் போறவனுக்குக் கூடச் சோறு கட்டிக் குடுத்து அனுப்புன ஊருல இது. நீ நடுவழியில ஓட்டலுக்கு எத்தனை ஸ்டாருன்னு எண்ணிக்கிட்டு இருக்க. ஆச்சிகிட்ட ஒரு புளிச்சோறு கட்டச் சொல்லு, வாழை எலையில.

கன்னியாகுமரிய அடிச்சிரு. வள்ளுவரு 133 அடி, 2000லேருந்து நிக்காரு. இப்பக் கண்ணாடிப் பாலம் வேற போட்டிருக்காவ. அவரு எங்கயும் போக மாட்டாரு, அடுத்த வருசம் பாக்கலாம்.

மிச்சம் என்ன? பதினேழுல ஏழு எடம். ரெண்டு நாளு பத்தாது, மூணு நாளாக்கு. வெள்ளிக்கெழம சாயங்காலம் தூத்துக்குடி, ராத்திரி இங்க. கருக்கல்ல பதநீர். பொறவு திருச்செந்தூரு, மணப்பாடு, வெயிலு சாய தேரி... அட, உன் பேனாவக் குடு, நானே எழுதுதேன்.

உன் வண்டியில முன்னால ஏசி நல்லா வருமா? கால நீட்ட எடம் இருக்கா? இல்லல, சும்மா கேட்டேன். வேட்டி ரெண்டு, துண்டு ஒண்ணு, மாத்திரை டப்பா, எல்லாம் நேத்தே மஞ்சப் பையில எடுத்து வச்சாச்சு. கட்டிலுக்கு அடியில பாரு.

அந்தா, ஒங்க ஆச்சி வாரா. கேட்டா கோயிலுக்குன்னு சொல்லு. திருச்செந்தூரு போறோம்ல, பொய்யில்ல. பரோட்டாவப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத.